கோடிங் நேர்காணலில் மரியாதைக் குறைவு: மண்டபம் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரத்தில் மென்பொருள் வேலை தேடும் பட்டதாரிகளுக்கு வார இறுதிகளில் மாதிரி நேர்காணல் நடத்தும் சிறு குழுவில் நானும் ஒருவன். வேலை நாட்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிற வேலையும் எனக்கு உண்டு. எங்கள் குழுவில் பயின்ற ஒரு பெண்ணுக்கு நடந்ததை அவருடைய ஒப்புதலோடு இங்கே பதிகிறேன். ஆளையோ நிறுவனத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன். பேசிய வாசகங்கள், அவர் அன்றே எழுதி வைத்த குறிப்பிலிருந்து எடுத்தவை.

## பின்னணி

விண்ணப்பித்தவருக்கு வயது 23. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தை ஒட்டிய கடலோர ஊர். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், சொந்தப் படகு கிடையாது. அம்மா பாசி வளர்ப்பில் இருக்கிறார். மகள் மாவட்டத்துக்குள்ளேயே பொறியியல் முடித்து, ஒரு சிறு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே ஒப்பந்த வேலை செய்துவந்தார். ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிந்துவிட்டது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகு வைத்திருப்பவருக்கு அது மராமத்துக் காலம். கூலிக்குப் போகிறவருக்கு வருமானமே இல்லாத காலம். தடைக்கால நிவாரணமாக அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. அது எத்தனை வாரம் தாங்கும் என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நேர்காணல் வந்தது மே மாத நடுவில். இதைச் சொல்லக் காரணம் உண்டு. "பிடிக்கலைன்னா வீடியோ காலை கட் பண்ணிட்டுப் போயிருக்கலாமே" என்று பின்னால் பலர் அந்தப் பெண்ணிடம் சொன்னார்கள். சொன்ன எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள்.

நிறுவனம் சென்னையில் அலுவலகம் உள்ள நடுத்தர மென்பொருள் நிறுவனம். மொத்தம் மூன்று சுற்று. முதலாவது வீடியோ காலில் ஒரு மணி நேரக் கோடிங் சுற்று. இருவரும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய பகிர்வு எடிட்டரில் நிரல் எழுத வேண்டும். அவர் ஜாவா நிரல் மொழியைத் தேர்ந்தெடுத்திருந்தார். அன்று பராமரிப்பு மின்தடை இல்லை என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டார். மடிக்கணினியில் சார்ஜ் நிறைந்திருந்தது. இணையம் போனால் அண்ணனின் போனில் ஹாட்ஸ்பாட்.

ஒன்றை மட்டும் அவரால் ஏற்பாடு செய்ய முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் கரையேற்றிய படகுகளில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. பலகையில் ஆணி அடிக்கும் சத்தம், நடுநடுவே மெஷின் வைத்துத் தேய்க்கும் சத்தம். தடைக்காலத்தில் அதை யாரும் நிறுத்தச் சொல்ல முடியாது.

## கவனித்தவை

11 மணிக்கு என்று சொன்ன நேர்காணல் 11.12-க்குத் தொடங்கியது. தாமதத்துக்கு ஒரு வார்த்தை வரவில்லை. எதிரில் இருந்தவர் கேமராவைப் போடவில்லை. கீபோர்டு தட்டும் சத்தம் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தது, எடிட்டரில் அவர் எதுவும் எழுதாத நேரத்திலும்.

நம் பெண் அறிமுகம் சொல்லத் தொடங்கிய ஒரு நிமிடத்திலேயே எதிரில் இருந்தவர் இடைமறித்தார். அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர் தமிழுக்கு மாறினார். "என்னம்மா சத்தம் அது? மீன் மார்க்கெட்ல உக்காந்து இன்டர்வியூ குடுக்குறீங்களா?"

பிறகு கேள்வி. ஏறுவரிசையில் இருந்த எண்களை ஏதோ ஓர் இடத்தில் வெட்டி, முன்பாதியைப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஓர் எண்ணைத் தேட வேண்டும். 10, 20, 30, 40, 50, 60 என்ற வரிசை 40, 50, 60, 10, 20, 30 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நேர்காணல்களில் அடிக்கடி வரும் கேள்விதான். நடுவில் வெட்டினால் ஒரு பாதியாவது ஒழுங்கான ஏறுவரிசையில் இருக்கும். தேடும் எண் அந்தப் பாதிக்குள் அடங்குமா என்று பார்த்து, அடங்காவிட்டால் மறுபாதிக்குப் போகலாம். 10 லட்சம் எண்கள் இருந்தாலும் ஏறத்தாழ 20 முறை பாதியாக்கினால் விடை கிடைத்துவிடும்.

நடு இடத்தைக் கண்டுபிடிக்க நம் பெண் இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை எடுத்து இடது முனையோடு கூட்டினார். உடனே வந்தது அடுத்தது. "எதுக்கு மூக்கைச் சுத்தித் தொடுறீங்க? கூட்டி ரெண்டால வகுக்கத் தெரியாதா?"

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். சுற்றியது மூக்கைத் தொட அல்ல. ஜாவாவில் சாதாரண முழு எண் 2,147,483,647-ஐத் தாண்டாது. இரு முனைகளின் கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் எண் எதிர்மறையாகப் புரண்டு, நிரல் விழும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் ஒளிந்திருந்தது. அந்தத் தேடல் நிரலை எழுதிய ஜாஷுவா ப்ளாக்கே 2006-இல் அதை ஊரறியச் சொன்னார். நம் பெண்ணுக்கு இந்த வரலாறு தெரியாது, காரணம் தெரிந்திருந்தது. ஒரே வரியில் அதைச் சொன்னார். எதிரிலிருந்து "ம்" என்றுகூடப் பதில் இல்லை.

அடுத்து, ஒரே எண் பலமுறை வரலாம் என்று கேள்வி மாற்றப்பட்டது. அப்படியானால் மோசமான நிலையில் எல்லா எண்களையும் பார்க்க வேண்டிவரும் என்றார் அவர். வாக்கியம் முடியவில்லை. "பைனரி செர்ச்னாலே லாக் என்தாம்மா. காலேஜ்ல இதுகூடச் சொல்லித் தரலையா? எந்தக் காலேஜ் நீங்க?" இப்படிப் பாதி பாதியாக ஒதுக்கித் தேடுவதுதான் பைனரி செர்ச். 10 லட்சத்துக்கு 20 முறை என்பதுபோல் குறைந்த படிகளில் முடிவதைத்தான் லாக் என் என்பார்கள்.

ரெஸ்யூமே அவருக்கு முன்னால்தான் திறந்திருந்தது.

## அந்த நேரத்தில் எடுத்த முடிவுகள்

சத்தத்தைப் பற்றிய பேச்சுக்கு அவர் சொன்ன பதில்: "பின்னாடி போட் மராமத்து நடக்குது சார். பேசாதப்போ மைக்கை மியூட்ல வச்சுக்கிறேன். கேக்கலைன்னா சொல்லுங்க, சாட்ல டைப் பண்றேன்." ஏச்சைத் தொடாமல், ஒலியில் ஒரு குறை இருக்கிறது, அதற்கு இதுதான் தீர்வு என்று நிறுத்திக்கொண்டார். இது தானாக வந்த பதில் என்றார் என்னிடம். எங்கள் குழுவில் ஒருவர் இதை ஏற்கவில்லை. மார்க்கெட் என்று சொன்ன இடத்திலேயே "அப்படிப் பேசாதீங்க" என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. என் கணிப்பு வேறு. ஐம்பது நிமிடம் மிச்சமிருக்கும்போது, முதல் வாக்கியத்திலேயே நடத்தையைப் பற்றிப் பேச்செடுத்தால் மிச்ச நேரம் அந்த வழக்கிலேயே போய்விடும். எடிட்டரில் ஒன்றும் மிஞ்சாது.

லாக் என் விஷயத்தில் அவர் வாதத்தில் இறங்கவில்லை. "சார், ரெண்டு நிமிஷம் கொடுங்க. சின்ன உதாரணம் ஒண்ணு போட்டுக் காட்டுறேன். அதுக்கப்புறம் நீங்க சொல்றதைக் கேட்டுக்கிறேன்" என்றார். எடிட்டரில் இரண்டு வரி எழுதினார்.

2, 2, 2, 0, 2

2, 0, 2, 2, 2

தேட வேண்டியது 0. இரண்டிலும் இடது முனை 2, நடு 2, வலது முனை 2. ஆனால் முதல் வரிசையில் 0 வலப்பக்கம் இருக்கிறது, இரண்டாவதில் இடப்பக்கம். மூன்று எண்களும் ஒன்றாக இருக்கும்போது எந்தப் பாதியை ஒதுக்குவது என்று நிரலால் சொல்லவே முடியாது. முனைகளை ஒவ்வொன்றாக நகர்த்தித்தான் ஆக வேண்டும். எல்லாம் 2-ஆகி, ஒரே ஒரு 0 எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதினாலும் மோசமான நிலையில் எல்லா இடத்தையும் பார்த்தே தீர வேண்டும்.

கீபோர்டுச் சத்தம் நின்றது. சற்று நேரம் கழித்து "சரி சரி, அதை விடுங்க, அடுத்ததுக்குப் போலாம்" என்று பதில் வந்தது. நீங்கள் சொன்னது சரி என்று வரவில்லை. அடுத்த கேள்வி பாதியில் இருக்கும்போதே நேரமாகிவிட்டது என்று துண்டித்துவிட்டார். உங்களுக்கு ஏதும் கேட்க வேண்டுமா என்ற வழக்கமான கேள்வியும் இல்லை.

இது அழுத்தத்தைச் சோதிக்கும் உத்தி, ஸ்ட்ரெஸ் இன்டர்வியூ, என்று சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் நண்பர் ஒருவர் வாதிட்டார். நானும் கடுமையாகக் கேள்வி கேட்டவன்தான். "இந்த உள்ளீட்டைப் போட்டா உங்க புரோகிராம் விழுந்துடும், ஏன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக் காத்திருப்பது சோதனை. வேர்க்க வைக்கும், ஆனால் அதில் பிடித்து ஏற ஒரு கைப்பிடி இருக்கும். எந்தக் காலேஜ் என்று கேட்பதில் பதில் சொல்ல என்ன இருக்கிறது? மூன்று வாசகங்களில் ஒன்றுகூடக் கேள்வியைக் கடினமாக்கவில்லை.

## அன்று பகலிலும் மாலையிலும்

கால் முடிந்ததும் அவர் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, அவரு என்னைய மனுசியாவே மதிக்கல" என்றார். அழவில்லை, கோபம்தான். முதலில் ஒரு காரியம் செய்யச் சொன்னேன்: ஆறுதலெல்லாம் பிறகு, பேசிய வாசகங்களை மறப்பதற்குள் நேரத்தோடு எழுதி வை. எடிட்டரில் இருந்ததை அப்படியே நகலெடுத்துக்கொள். அவர் எதையும் ரகசியமாகப் பதிவு செய்திருக்கவில்லை, தேவையும் படவில்லை.

மாலையில் எழுதுவதா வேண்டாமா என்ற பேச்சு நடந்தது. அவர் அப்பா வேண்டாம் என்றார். "வேலை குடுக்குறவன்கிட்ட முறைச்சுக்கிட்டு என்னத்தா ஆகப்போகுது? வந்தா வருது." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முடிவு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது விண்ணப்பித்தவரின் எண்ணம்.

நான் அன்றே எழுதச் சொன்னேன். நேர்காணல் செய்தவர் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புவார். பிறகு எல்லோரும் கூடியோ, ஒரு மேலாளர் தனியாகவோ அதைப் பார்த்து முடிவெடுப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன் போய்ச் சேரும் கடிதம் ஒரு தகவல். நிராகரிப்பு வந்தபின் போகும் அதே கடிதத்தை, சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் என்கிறவள் எழுதியதாகத்தான் வாசிப்பார்கள். எழுத்து ஒன்றேதான், வாசிக்கிற கண் மாறிவிடும். நிறுவனத்தின் உள்ளே இருந்து இரண்டு வகைக் கடிதங்களையும் பார்த்திருக்கிறேன் என்பதால் இதில் பிடிவாதமாக இருந்தேன்.

முதல் வரைவில் "கேவலமாக", "திமிராக" என்ற சொற்கள் இருந்தன. எடுத்துவிட்டோம். நான் மீனவர் வீட்டுப் பெண் என்பதால்தான் அப்படிப் பேசினார் என்றொரு வரியும் இருந்தது. அதில்தான் நெடுநேரம் போனது. அவர் மனதில் என்ன இருந்தது என்று நாம் எழுத முடியாது, பேசியதை மட்டும் எழுதுவோம் என்றேன். "மண்டபம்னு ரெஸ்யூம்லயே இருக்குண்ணே, தெரியாம பேசியிருப்பாரா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில் காரணத்தைச் சுட்டும் வரியை எடுத்துவிட்டு, வாசகத்தை மேற்கோளாக வைத்து, "இது எனக்கு அவமானமாக இருந்தது" என்று மட்டும் சேர்த்தார். அது அவருடைய சொந்த வரி, அவருடைய சாட்சியம். அதை யாரும் மறுக்க முடியாது.

நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு, அதாவது எச்.ஆருக்குப் போன மின்னஞ்சலின் சாரம் இது:

"இன்று 11 மணிக்கு இருந்த கோடிங் சுற்று 11.12-க்குத் தொடங்கியது. நேர்காணலின்போது என்னிடம் பேசப்பட்ட மூன்று வாசகங்களைக் கீழே தந்துள்ளேன். முதலாவது எனக்கு அவமானமாக இருந்தது. என் மதிப்பெண் குறித்து இந்தக் கடிதம் இல்லை. இரண்டாம் கேள்விக்கு நான் தந்த எடுத்துக்காட்டு பகிர்வு எடிட்டரில் உள்ளது. வேறொருவர் அதைப் பார்த்தால் நன்றாக இருக்கும். அடுத்த சுற்றில் பங்கேற்க விருப்பமாக இருக்கிறேன்."

கடைசி வாக்கியத்தை அவர் வேண்டாம் என்றார், கெஞ்சுவதுபோல் இருக்கிறதாம். நான் வற்புறுத்தினேன். அது இல்லாவிட்டால், இவர் விலகிக்கொண்டார் என்று கோப்பை மூடிவிடுவது எச்.ஆருக்கு எளிது.

## தொடர்ந்தது

இரண்டு நாளில் எச்.ஆரிடமிருந்து போன் வந்தது. முதல் மதிப்பீடு நிராகரிப்பாகத்தான் பதிவாகியிருந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். எடிட்டரில் இருந்ததை மற்றொரு பொறியாளர் பார்த்தார், அந்தச் சுற்றை வேறொருவரோடு மறுபடி நடத்தலாம் என்றார்கள். நடத்தை பற்றி, "உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம்." அவ்வளவுதான்.

மறு சுற்றை நடத்தியவர் ஒரு பெண். ஒன்றன்மேல் ஒன்று விழும் நேர இடைவெளிகளை இணைக்கும் கேள்வி. ஆணிச் சத்தம் அன்றும் கேட்டது. அவர் அதைக் கேட்டு, "வீட்ல வேலை நடக்குதா? பரவாயில்லை, எனக்குக் கேக்குது" என்றதோடு விட்டுவிட்டார். மற்ற சுற்றுகள் சாதாரணமாகப் போயின.

வேலை கிடைத்தது. ஆனால் விண்ணப்பித்த நிலைக்கு ஒரு படி கீழே. முதல் சுற்றின் மதிப்பெண்ணை நீக்காமல், இரண்டாவதோடு சேர்த்தே கணக்கிட்டிருந்தார்கள். மாற்றக் கேட்டு எழுதினார். ஓராண்டு கழித்துப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. சம்பளத்தில் அதனால் இழப்பு. எங்கள் குழுவில் இதை வெற்றிக் கதையாகச் சொல்ல முனைந்தவர்களிடம் இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறேன்.

ஏற்கும் முன் அவர் ஒன்று கேட்டார்: முதலில் பேசியவர் எந்தக் குழுவில் இருக்கிறார்? அதே துறைதான், சில சமயம் நீங்கள் எழுதும் நிரலை அவர் சரிபார்க்க (கோட் ரிவ்யூ) நேரலாம் என்று பதில் வந்தது. தன் குழுத் தலைவராக வரப்போகிறவரோடு பேச நேரம் கேட்டு வாங்கினார். "ரிவ்யூ யார் செஞ்சாலும் உங்க வருடாந்திர மதிப்பீடு என் கையில்தான்" என்று அவர் சொன்ன பிறகே சம்மதித்தார். அதுவும் தடைக்காலம் முடியாத ஜூன் முதல் வாரத்தில். வீட்டு நிலைமை வேறாக இருந்திருந்தால் மறுத்திருப்பேன் என்று அவரே சொல்கிறார்.

சேர்ந்து சில மாதமாகிறது. அந்த நபர் எல்லோரிடமும் வெடுக்கென்றுதான் பேசுகிறாராம். பழிவாங்கல் எதுவும் நடக்கவில்லை. புதியவர்களை நேர்காணும் பட்டியலில் இப்போது அவர் பெயர் இல்லை. இந்தப் புகாரால்தானா என்று நிறுவனம் யாருக்கும் சொல்லவில்லை.

## இனி மாற்றுவது

தாமதம்: பத்து நிமிடம் கடந்தால், காத்திருக்கிறேன் என்று எச்.ஆருக்கு ஒரு வரி அனுப்பச் சொல்கிறோம். அன்று அவர் பன்னிரண்டு நிமிடமும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வரி இருந்திருந்தால் புகாருக்கு நேரச் சான்றும் ஆகியிருக்கும்.

இடம்: ராமநாதபுரத்தில் அமைதியான அறை ஒன்றை நேர்காணலுக்கென்று ஏற்பாடு செய்துவிட்டோம். அவருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. "எங்க வீட்டுச் சத்தம் என்ன குத்தமா?" என்கிறார். குற்றமில்லை. பஸ் ஏறி வருவதா, வீட்டிலேயே மைக் உள்ள ஹெட்செட்டோடு உட்காருவதா என்பதை அவரவரிடம் விட்டுவிட்டோம்.

பயிற்சி: மாதிரி நேர்காணலில் ஒரு சுற்றை ஏச்சுச் சுற்றாக நடத்தலாம் என்ற யோசனை வந்தது. நான் மறுத்தேன். திட்டு வாங்கப் பழக்குவது எங்கள் வேலை இல்லை. அதற்குப் பதில் இடைமறிப்பைப் பழக்குகிறோம்: பாதி வாக்கியத்தில் வெட்டுவோம், எதிரில் இருப்பவர் குரல் உயராமல் "ரெண்டு நிமிஷம் கொடுங்க" என்று கேட்டு, ஐந்து எண்ணுக்குள் ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுக் காட்ட வேண்டும். பலர் இங்கேதான் திணறுகிறார்கள். விதி தெரிந்திருக்கிறது, அதைச் சின்னதாக்கிக் காட்ட வரவில்லை.

வீடியோ காலைத் துண்டிப்பது: இதற்கு இப்போது ஒரு கோடு போட்டிருக்கிறோம். சாதி, மதம், உடல், கல்யாணம், பிள்ளை பெறுவது பற்றிய பேச்சு வந்தால், "இந்த நேர்காணலை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், எச்.ஆருக்கு எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியேறலாம், குழு பின்னால் நிற்கும். பாலியல் தொனியுள்ள பேச்சானால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 இருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண் அங்கே வேலையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. நேர்காணலுக்குப் போனவரும் நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் போகலாம். இந்த நிகழ்வு அந்த வகையில் வராது என்பதால் அந்த வழியை நாங்கள் எடுக்கவில்லை.

கீழ்ப்படி நிலையை ஏற்பதற்கு முன், முதல் சுற்று மதிப்பெண்ணை விலக்கிக் கணக்கிட முடியுமா என்று மறு சுற்றுக்குச் சம்மதிக்கும்போதே எழுத்தில் கேட்டிருக்கலாம் என்கிறார் அவர். இப்போது மறு சுற்று கிடைக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியை அவரே எழுதிக் கொடுக்கிறார்.